சோழவரம் பக்கம் ஒன்றேகால் ஏக்கர் தோப்பு: கவிழாத சிறிய டிராக்டர் எது?

சோழவரம் தோப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொளத்தூரில் குடியிருந்துகொண்டு, சோழவரத்தைத் தாண்டி எங்கள் தாத்தா வாங்கி வைத்த ஒன்றேகால் ஏக்கர் தோப்பை வார இறுதிகளில் மட்டும் பார்த்துக்கொள்பவன் நான். ஐம்பது தென்னையும் பத்துப் பன்னிரண்டு மாமரங்களும் நிற்கின்றன. 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மாமரங்களின் அடிக்கட்டைகள் ஏழெட்டு இன்னும் மண்ணில் அப்படியே கிடக்கின்றன. நிலத்தின் பெரும்பகுதி சமதளம். மேற்கு ஓரம் மட்டும் வாய்க்காலை நோக்கிச் சரிகிறது.

வாடகை டிராக்டர்காரர்கள் இவ்வளவு சிறிய இடத்துக்கு வரத் தயங்குகிறார்கள். வந்தாலும் செங்குன்றத்திலிருந்து வந்து போகும் நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கேட்கிறார்கள், அது நியாயமும்கூட. ஆகவே சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆண்டுக்கு மூன்று முறை மண்ணைக் கிளற ரோட்டாவேட்டர் ஓட்ட வேண்டும், மட்டைகளையும் எருவையும் சிறிய டிரெய்லரில் இழுக்க வேண்டும், முடிந்தால் அந்த அடிக்கட்டைகளையும் பிடுங்கிவிட வேண்டும்.

எங்கள் வாசலின் இரும்புக் கேட் நான்கடி அகலம்தான். அதனால் மூன்றடியை ஒட்டிய அகலத்தில், தோட்டங்களுக்கென்றே விற்கப்படும் 15 முதல் 20 குதிரைத்திறன் கொண்ட வண்டிகளைப் பார்த்துவருகிறேன். இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய மாஸே 1035 ஒன்று விலைக்கு வருகிறது, 36 குதிரைத்திறன், எடை 1,700 கிலோவை ஒட்டி. ஆனால் அது பக்கத்து நிலத்தின் வழியாகத்தான் உள்ளே வர முடியும்.

டிராக்டர் என்றாலே கவிழ்ந்துவிடும் என்று என் மனைவி அஞ்சுகிறார். நான்கு சக்கரம் இருக்கும்போது கவிழ்வதற்கு என்ன இருக்கிறது, கார் கவிழ்கிறதா என்று மைத்துனர் கேட்கிறார். இருவருக்கும் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

செம்பியம் ஃபிட்டர் எழுதியது:

தம்பி, செம்பியத்தில் டிராக்டர் அசெம்பிளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மைத்துனரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் வண்டி வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் மனத்திலும் இருப்பது அதுதான்.

அடுத்த முறை எந்த டிராக்டரைக் கண்டாலும் முன்பக்கம் குனிந்து பாருங்கள். முன் ஆக்சில் வண்டியின் உடலோடு இறுக்கிப் பூட்டப்பட்டிருக்காது. நடுவில் ஒரே ஒரு சென்டர் பின்னில் அது தராசுக் கோல்போல் இடமும் வலமும் ஏறி இறங்கும். மேடு பள்ளமான வயலில் நான்கு சக்கரங்களும் தரையை விடாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், வண்டியின் உடல் பின்னால் இரண்டு சக்கரங்களின் மேலும் முன்னால் அந்த ஒற்றைப் பின்னின் மேலும் உட்கார்ந்திருக்கிறது. பார்வைக்கு நான்கு சக்கரம், நிற்பது என்னவோ முக்காலியாகத்தான். ஆக்சில் அதற்கு மேல் சாயாதபடி வைத்திருக்கும் தடையில் முட்டும் வரை முன் சக்கரங்கள் பக்கவாட்டுச் சாய்வைத் தடுக்க எந்த உதவியும் செய்யா. தடையில் முட்டும்போதோ வண்டி ஏற்கெனவே வேகம் பிடித்துச் சாய்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே குதிரைத்திறன், விலை, வண்ணம் எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். முதலில் இரண்டு அளவுகளை எடுத்து இங்கே எழுதுங்கள். மேற்குச் சரிவில் எத்தனை அடிக்கு எத்தனை அடி இறக்கம், தரைக்கு மேல் அடிக்கட்டைகள் எவ்வளவு உயரம் துருத்துகின்றன என்பவையே அவை. கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள், சரிவு எப்போதும் கண்ணை ஏமாற்றும்.

மணலி வாடகை வண்டி எழுதியது:

பெரியவர் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் இப்படி அச்சுறுத்தினால் யாரும் சிறிய வண்டியே வாங்க மாட்டார்கள். கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் இதே குறுகல் வண்டிகள்தாம் பந்தலுக்கு அடியில் நாள் முழுவதும் ஓடுகின்றன. பதினைந்து ஆண்டுகளாக மணலி, மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் வாடகைக்கு ஓட்டுகிறேன். பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்ததை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

நான் பயந்தது ஒரே ஒரு முறை, அதுவும் சமதளத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு பொன்னேரி அருகே ஒரு வயலில் பின் சக்கரங்கள் பாதிக்கு மேல் சேற்றில் இறங்கிவிட்டன. நிலத்துக்காரர் ஒரு சவுக்குக் கட்டையைக் கொண்டுவந்து, இரண்டு பின் சக்கரங்களுக்கும் முன்னால் குறுக்காக வைத்துச் சங்கிலியால் இழுத்துக் கட்டினார். சக்கரம் கட்டையின் மேல் ஏறி வந்துவிடும் என்பது கணக்கு. இது எல்லோரும் செய்வதுதான், நானும் முன்பு செய்திருக்கிறேன். முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். கட்டை நகரவில்லை. என் கண் முன்னால் இருந்த பானட் மெதுவாகத் தூக்கத் தொடங்கி, அடுத்த நொடி அதன் முனைக்கு மேலே வானம்தான் தெரிந்தது. கால் தானாகக் கிளட்சை மிதித்ததால் தொப்பென்று கீழே வந்து விழுந்தேன். எப்படி மிதித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செம்பியம் ஃபிட்டர் எழுதியது:

மணலி நண்பர் தன் அனுபவத்தை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. திராட்சைப் பந்தல் பற்றிய அவருடைய வாதம் சரியே. சமதளத்தில், மெதுவாக, கலப்பையோ ரோட்டாவேட்டரோ தாழ இருக்கும்படி ஓட்டினால் குறுகல் வண்டி பாதுகாப்பானதுதான். சரிவும் அடிக்கட்டையும் சேரும் இடத்தில்தான் கணக்கு மாறுகிறது.

சேற்றில் நடந்தது வேறு வகை. எஞ்சினின் விசை பினியன் என்ற சிறிய பல்சக்கரம் வழியாகக் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்துக்கு வருகிறது, அது பின் ஆக்சிலைச் சுழற்றப் பார்க்கிறது. சக்கரம் கட்டையோடு பூட்டிக்கொண்டு சுழல மறுத்தால் அந்த விசை எங்காவது போயாக வேண்டும் அல்லவா? பினியன் கிரவுன் வீலின் பற்களில் ஏறுகிறது, அதாவது ஆக்சில் நிற்க வண்டியின் உடல் ஆக்சிலைச் சுற்றிப் பின்னோக்கிச் சுழல்கிறது. முன்பக்கம் எழும்பத் தொடங்கியதிலிருந்து மீட்க முடியாத நிலைக்குப் போக ஏறத்தாழ முக்கால் நொடி போதும், ஒன்றரை நொடிக்குள் வண்டி தலைகீழாகிவிடும். நீங்கள் கிளட்சை மிதித்தது அந்த முக்கால் நொடிக்குள் என்று கொள்ளுங்கள். சேற்றில் மாட்டினால் ரிவர்ஸில் எடுக்க வேண்டும், வராவிட்டால் இன்னொரு வண்டியை வைத்து இழுக்க வேண்டும். கட்டை கட்டும் பழக்கத்தை எல்லோரும் விட்டுவிடுவது நல்லது.

இது பழைய நோய். 1917-இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர், பின்னால் கலப்பை பாறையில் மாட்டினால் மல்லாந்து ஓட்டுநரைக் கொல்வதில் பேர்போனது. ஹாரி ஃபெர்குசன் கலப்பையைத் தனியாக இழுப்பதை விட்டு, கீழே இரண்டு கைகளும் மேலே ஒரு டாப் லிங்க்கும் கொண்டு வண்டியோடு ஒன்றாகப் பூட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். கொழு எதிலாவது முட்டும்போது டாப் லிங்க் வண்டியை முன்னோக்கித் தள்ளி, எழும்பப் பார்க்கும் மூக்கை அழுத்துகிறது. இன்று நம் ஊர் வண்டிகள் அனைத்திலும் இருப்பது அந்த மூன்று முனை இணைப்புதான்.

ஆனால் சங்கிலி போட்டு அடிக்கட்டையை இழுக்கும் அன்று, ஃபெர்குசன் தந்த பாதுகாப்பு எதுவும் வேலை செய்யாது. அதிலும் சங்கிலியை டாப் லிங்க் பூட்டும் இடத்தில் மாட்டினால், பின் ஆக்சிலுக்கு மேலிருந்து இழுக்கும் விசை வண்டியை நேராக மல்லாத்தும். எதை இழுத்தாலும் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில், ஆக்சில் மட்டத்துக்குக் கீழே மாட்ட வேண்டும். சோழவரம் தம்பி, வேர் பிடித்து நிற்கும் மாமரக் கட்டைகளை உங்கள் சிறிய வண்டியால் பிடுங்கும் எண்ணத்தையே கைவிடுங்கள். ஜேசிபியை ஒரு காலை நேரம் அழைத்தால் எல்லாம் முடிந்துவிடும்.

மீஞ்சூர் கத்தரித் தோட்டம் எழுதியது:

தம்பி, டிராக்டர் அவசியம்தானா என்று முதலில் யோசியுங்கள். எழுபது சென்டில் கத்தரியும் வெண்டையும் வைத்திருக்கிறேன், கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் நடந்தே ஓட்டும் பவர் டில்லர் ஒன்றே போதுமானதாக இருக்கிறது. பெரிய உழவுக்கு உழவன் செயலியில் பதிந்து வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டியை வாடகைக்கு எடுக்கிறேன். காத்திருக்க வேண்டும், ஆனால் கடன் இல்லை.

பவர் டில்லரிலும் ஆபத்து இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரிவர்ஸ் போடும்போது கைப்பிடி மேலெழும்பி நம்மைப் பின்னால் தள்ளும். பின்னால் ஒரு தென்னை இருந்தால் மரத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நாம்தான். எதை வாங்கினாலும் கருவிகளுக்கு எஞ்சின் விசையைத் தரப் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. என் புடவைத் தலைப்பு ஒருமுறை அதன் ஓரத்தில் உரசியது, உறை இருந்ததால் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. உறை உடைந்த பழைய வண்டியை விற்க வருபவர்கள் அதைக் குறையாகவே நினைப்பதில்லை.

சோழவரம் தோப்பு எழுதியது:

அக்காவின் யோசனையை வீட்டில் பேசினோம். ஐம்பது தென்னையின் மட்டையையும் எருவையும் சுமக்க வேண்டியிருப்பதால் டிராக்டர் என்பதில் மாற்றமில்லை.

ஐயா கேட்ட அளவுகளை எடுத்தேன். கொத்தனாரின் டியூப் லெவலைக் கடன் வாங்கி, இரண்டு குச்சிகளை நட்டுப் பார்த்தோம். மேற்குச் சரிவில் 9 அடிக்கு 3 அடி இறக்கம். நான் அதுவரை ஓரடிக்கு மேல் இருக்காது என்றே எண்ணியிருந்தேன். அடிக்கட்டைகள் அரையடி துருத்துகின்றன, அவற்றில் இரண்டு சரியாக அந்தச் சரிவில் இருக்கின்றன.

செம்பியம் ஃபிட்டர் எழுதியது:

9 அடிக்கு 3 அடி என்றால் 18 பாகைக்குச் சற்று மேல். இப்போது ஒரு தோராயக் கணக்குப் போடுவோம், உண்மையான வண்டிக்கு எண்கள் சிறிது மாறும்.

பின் சக்கரங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 75 சென்டிமீட்டர் உள்ள குறுகல் வண்டியை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநரோடு சேர்த்து அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில், பின் ஆக்சிலுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் இருக்கட்டும். முன் பின் ஆக்சில்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர், சென்டர் பின்னின் உயரம் 40 சென்டிமீட்டர். நான்கு மூலைகளிலும் நிற்கும் கார்போல் கணக்கிட்டால் 32 பாகை சாய்ந்தால்தான் அது கவிழும். முக்காலிக் கணக்குப்படி 27 பாகையிலேயே கவிழ்ந்துவிடும். மைத்துனருக்கான பதில் இந்த ஐந்து பாகை.

நிலம் தருவது 18 பாகை. மேட்டுப்பக்கச் சக்கரம் அரையடிக் கட்டையின் மேல் ஏறினால் இன்னொரு 11 பாகை சேரும். மொத்தம் ஏறத்தாழ 30. எல்லை 27. ஆமை வேகத்தில் போனாலும் இந்த வண்டி கவிழும்.

அதே கணக்கில் சக்கர அகலத்தை மட்டும் 120 சென்டிமீட்டராக மாற்றுங்கள். எல்லை 39 பாகைக்கு உயர்கிறது. அகலம் கூடியதால் கட்டை தரும் கூடுதல் சாய்வும் 7 பாகையாகக் குறைகிறது, மொத்தம் 26-ஐத் தாண்டாது. நடுவில் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைத் தின்பவை வேகமும், உயரத் தூக்கிய சுமையும், மட்கார்டின் மேல் ஏறி உட்காரும் ஆளும். வேகம் இரு மடங்கானால் திருப்பத்தில் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

பழைய 1035 அகலமானது, நல்ல வண்டியும்கூட, அதன் மேல் எனக்குத் தனிப் பாசமே உண்டு. ஆனாலும் ஒன்றேகால் ஏக்கருக்கு அது மிகை. வாரம் ஒருமுறை ஓட்டும் ஒருவருக்கு நான் சொல்வது, 20 முதல் 28 குதிரைத்திறனில், நான்கு சக்கரமும் இழுக்கும், அகலமாக அமைக்கக்கூடிய வண்டி. இரு சக்கர இழுவை வண்டியில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டுமே. இறக்கத்தில், பின்னால் கருவி எதுவும் இல்லாமல் எடை குறைந்திருக்கும்போது அவை பிடிப்பை இழந்து சறுக்கும். நான்கு சக்கர இழுவையைப் போட்டிருந்தால் முன் சக்கரங்களும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். பல வண்டிகளில் பின் சக்கர ரிம்மைத் திருப்பிப் பூட்டினால் இன்னும் சில அங்குலம் அகலம் கிடைக்கும். பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் எடை தாழ்வான இடத்தில் சேரும்.

அப்படிப்பட்ட வண்டி நான்கடிக் கேட்டில் நுழையாது என்பது எனக்குத் தெரியும். தூணை இடியுங்கள்.

சோழவரம் தோப்பு எழுதியது:

கணக்கைப் பார்த்து மைத்துனர் மௌனமாகிவிட்டார். ஆனால் தூண் விஷயம் எளிதல்ல, ஐயா. அதில் தாத்தாவின் பெயரும் நிலம் வாங்கிய ஆண்டும் வெட்டிய கருங்கல் பதித்திருக்கிறது. அம்மா சம்மதிக்க வேண்டும். குறுகல் வண்டியையே வாங்கி, சரிவுக்குள் போகாமல் இருந்தால் ஆகாதா?

மணலி வாடகை வண்டி எழுதியது:

நீங்கள் போக மாட்டீர்கள், சரி. நீங்கள் கொளத்தூரில் இருக்கும் நாளில் தோப்புக்காரப் பையன் சாவியை எடுத்தால்? பக்கவாட்டில் கவிழ்ந்து நான் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தேன். யோசித்துப் பார்த்தால், அப்படிச் சரிந்த இடங்களில் என் வண்டியை நான் இறக்கியதே இல்லை, மற்றவர்கள் இறக்கும்போது நான் அங்கே இல்லை. தூண் செங்கல்லும் சிமெண்டும்தான், கல்லைப் பெயர்த்து மறுபடியும் பதிக்கலாம்.

தென்னைக்குத் தென்னை 25 அடி விட்டு வைத்திருந்தால் உள்ளே எந்த இடத்திலும் குறுகல் வண்டி தேவையே இல்லை என்பதையும் கவனியுங்கள். உங்கள் கேட் ஒன்றுதான் அதைக் கேட்கிறது.

செம்பியம் ஃபிட்டர் எழுதியது:

மணலி நண்பர் என் வேலையைக் குறைத்துவிட்டார். மீதமிருப்பது இரண்டு.

ஒன்று, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஆங்கில யு எழுத்தைக் கவிழ்த்தது போன்ற கனமான இரும்புச் சட்டகம், அதாவது ரோல் பார். வண்டி கவிழ்ந்தாலும் முழுச் சுற்று உருளாமல் பக்கவாட்டிலேயே நிறுத்தி, ஓட்டுநருக்கு உயிர் பிழைக்கும் இடத்தை விட்டுவைப்பது அதன் வேலை. சுவீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. சட்டகத்தோடு சீட் பெல்ட்டும் சேர்ந்தால்தான் பயன். பெல்ட் போடாதவர் தூக்கியெறியப்பட்டு அதே சட்டகத்தின் அடியில் கிடப்பார். சட்டகம் இல்லாத வண்டியிலும், அதை மடக்கி வைத்திருக்கும்போதும் பெல்ட் போடக் கூடாது. நம் ஊரில் நான்கு குழாய்களை நட்டு வெயிலுக்குக் கூரை போட்டு, ஸ்பீக்கரும் மாட்டுகிறார்களே, அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வண்டியின் எடையைத் தாங்காது. பட்டறையில் வெல்டு வைத்துத் தரும் சட்டகத்தையும் நம்பாதீர்கள். தொழிற்சாலையில் சோதித்த சட்டகம் பின் ஆக்சில் கூட்டில் போல்ட் போட்டு நிற்கும், மட்கார்டில் அல்ல.

இரண்டு, மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிறுவனம் வெளியிடும் அறிக்கை. நீங்கள் முடிவு செய்யும் மாடலுக்கு அதைக் கேட்டு வாங்குங்கள். முன் பின் ஆக்சில்களின் எடை, சக்கர அகலத்தின் சிறுமமும் பெருமமும், ஈர்ப்பு மையத்தின் உயரம் எல்லாம் அதில் இருக்கும். நான் ஊகித்த எண்களை அழித்துவிட்டு, அந்த எண்களை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள்.

எண்ணூர் உப்புக்காற்று எழுதியது:

ஒரே ஒரு குறிப்பு. சோழவரம் கடலிலிருந்து சற்று உள்ளே இருப்பதால் தப்பிக்கும், ஆனால் மீஞ்சூர், காட்டுப்பள்ளி, எண்ணூர் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் ரோல் பாரின் அடி போல்ட்டுகளை ஆண்டுக்கு இரு முறையாவது கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்க வேண்டும். பெயிண்டு பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரை தின்றுபோயிருக்கும், நான் கையாலேயே திருகிக் கழற்றியிருக்கிறேன். சாலையில் ஓட்டுபவர்கள் இடது வலது பிரேக் மிதிகளை இணைக்கும் கொக்கியை மாட்ட மறக்க வேண்டாம். மணலி சாலையில் கண்டெய்னர் லாரிக்கு முன்னால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சோழவரம் தோப்பு எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும். அம்மா இரண்டு வாரம் பேசவில்லை, பிறகு அவரே கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினார். தூணை மூன்றடி தள்ளிக் கட்டியிருக்கிறோம். வாசல் இப்போது ஏழடி. தாத்தாவின் கல் புதுத் தூணில், முன்பு இருந்ததைவிட ஒரு சாண் உயரமாக, சாலையிலிருந்து பார்த்தால் தெரியும்படி இருக்கிறது. ஜேசிபி ஒரே காலையில் எல்லாக் கட்டைகளையும் எடுத்துவிட்டது, குழிகளை நிரப்பி மண் இறுகுவதற்காகக் காத்திருக்கிறோம்.

24 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை என்று முடிவு செய்து, சோதனை அறிக்கையின் எண்களோடு போட்ட கணக்கை ஐயாவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். விற்பனை நிலையத்தில் ரோல் பார் எங்கே என்று கேட்டபோது, யாரும் கேட்பதில்லை என்று சொல்லி, கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்ததைத் துடைத்து எடுத்து வந்தார்கள். பூட்டிய பிறகே மீதிப் பணம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மேற்குச் சரிவில் வண்டி இறங்காது. அங்கே புல்வெட்டும் கைக்கருவியே போதும் என்று தோப்புக்காரப் பையனிடமும் சொல்லிவிட்டேன்.

வண்டி அடுத்த ஞாயிறு வருகிறது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. வடக்கு வரிசையில் இரண்டு மாமரங்களின் கிளைகள் ஆறடி உயரத்தில் படர்ந்திருக்கின்றன, சட்டகம் நிமிர்ந்திருந்தால் நிச்சயம் இடிக்கும். அங்கே மட்டும் மடக்கிக்கொண்டு போகலாமா?

செம்பியம் ஃபிட்டர் எழுதியது:

மடக்கியதை நிமிர்த்த மறந்துவிடுவீர்கள். கிளையை வெட்டிவிடுங்கள், காய்ப்பு முடிந்த பிறகு.